பன்னிரண்டு ரூபாய்: டெல்டாவில் ஒரு பெட்டிக்கடையும் சிகரெட் வரியும்

என் சித்தப்பாவின் பெட்டிக்கடை நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, ஒரு நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது. நாலடி அகலம். முன்னால் வாழைத்தார், மேலே சரம் சரமாக ஷாம்பு பாக்கெட், கண்ணாடி ஜாடிகளில் முறுக்கும் கடலை மிட்டாயும். சிகரெட் டப்பாக்கள் அவர் வலது கைப்பக்கப் பலகையில் இருக்கும். பீடிக்கட்டுகள் இடது பக்கம், ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கவுளிக்குப் பக்கத்தில். வலது பலகையிலிருந்து இடது பலகைக்கு ஒரு முழம்கூட இருக்காது. சிகரெட் வரி ஏறினால் புகைப்பவர் என்ன செய்வார் என்று கேட்டுக்கொண்டு போன நான், கடைசியில் அந்த ஒரு முழத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊரகச் சுகாதாரப் பணியில் இருப்பவன். என் அப்பா பீடி குடித்துக் குடித்து, கடைசி மூன்று வருஷம் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு வராது. அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

2026 தைப் பொங்கல் முடிந்ததிலிருந்து வைகாசி பிறக்கும் வரை, சனி ஞாயிறுகளில் கடையில் போய் உட்கார்ந்தேன். சித்தப்பாவின் கொள்முதல் நோட்டையும் கடன் நோட்டையும் பார்த்தேன். வாடிக்கையாளர்களில் நான்கு தரப்பினர் தங்கள் கணக்கை எனக்குச் சொல்லச் சம்மதித்தார்கள். பெயர் போடவில்லை. இது ஒரே ஒரு கடை. இதை வைத்து டெல்டா முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெரிய புள்ளிவிவரத்தில் தெரியாத சில விஷயங்கள் இப்படி ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தால்தான் தெரிகின்றன.

வரியில் என்ன நடந்தது

2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீத வரி, அதற்கு மேல் இழப்பீட்டு செஸ் என்ற கூடுதல் வரி. அந்த மாதமே செஸ்ஸை ஒருமுறை ஏற்றினார்கள். அப்புறம் எட்டு வருஷத்துக்கு மேல் அது அசையவில்லை. 2020, 2023 பட்ஜெட்களில் பேரிடர் நிதிக்கான தீர்வையைக் கொஞ்சம் கூட்டியதோடு சரி. இதே காலத்தில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையின் தினக்கூலி 2017-18இல் 205 ரூபாயாக இருந்தது, 2025-26இல் 336 ரூபாய் ஆனது. கூலி ஏற ஏற, வரி நின்ற இடத்திலேயே நின்றால், சிகரெட் வருஷா வருஷம் மலிவாகிறது என்றுதான் அர்த்தம். பாக்கெட்டில் அச்சிட்ட விலை கொஞ்சம் கூடியிருந்தாலும், ஒரு நாள் கூலியில் எத்தனை சிகரெட் வாங்கலாம் என்று எண்ணினால் எண்ணிக்கை குறையவில்லை. வரியைப் பற்றிப் பேசுகிற பலர் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவெடுத்தது. டிசம்பரில் நாடாளுமன்றம் கலால் சட்டத்தைத் திருத்தியது. 2026 பிப்ரவரி 1 முதல் செஸ் போய், நீளத்தைப் பொறுத்து ஆயிரம் சிகரெட்டுக்கு 2,050 ரூபாயிலிருந்து 8,500 ரூபாய் வரை கலால் வரி வந்தது. ஜி.எஸ்.டி. 40 சதவீதம் தனி. ஒரு சிகரெட்டுக்கு என்று பார்த்தால் கலால் மட்டும் இரண்டு ரூபாய் சொச்சத்திலிருந்து எட்டரை ரூபாய் வரை.

அதே நாளில் பீடிக்கான ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாக இறங்கியது. பீடி சுற்றும் இலைக்கான வரி முந்தைய செப்டம்பரிலேயே 18லிருந்து 5 ஆகிவிட்டது. சித்தப்பாவின் வலது பலகை ஏறிய அன்று இடது பலகை இறங்கியது.

நீளத்துக்கு வரி என்பது புதிதல்ல. 65, 70, 75 மில்லிமீட்டர் என்று படிகள். கடையில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று இருந்தது. அதிகம் விற்கும் சின்ன ஃபில்டர் ஒன்றை அதன் மேல் வைத்தேன். அறுபத்தொன்பதில் நின்றது. எழுபதைத் தொடவில்லை. கம்பெனிகள் 64, 69, 74 என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்தித்தான் செய்கின்றன. கிங்ஸ் என்கிற நீள சிகரெட் 84. வரி ஏறும்போது புகைப்பவர் மேல்படியிலிருந்து கீழ்படிக்கு இறங்கிக்கொள்ள ஏணி ஏற்கெனவே சாத்தி வைத்திருக்கிறது.

சில்லறை

பிப்ரவரி 1 ஞாயிற்றுக்கிழமை, தைப்பூசம். சுவாமிமலைக்குப் பாதயாத்திரை போனவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மத்திய பட்ஜெட்டும் அன்றுதான் என்பதால் கடைக்கு வந்த எல்லோரும் “பட்ஜெட்ல ஏத்திட்டாங்களாமே” என்றார்கள். இது ஒரு மாதம் முன்பே அறிவித்தது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை.

இங்கே பாக்கெட்டாக வாங்குபவர் அபூர்வம். பெரும்பாலும் ஒத்தை ஒத்தையாகத்தான் விற்பனை. பாக்கெட்டின் மேல் அச்சிட்ட விலையைப் புகைப்பவர் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது கையில் இருக்கும் காசை. சின்ன ஃபில்டர் பல நாளாகப் பத்து ரூபாய். ஒரு நாணயம் கொடுத்தால் ஒரு சிகரெட், பேச்சே வேண்டாம். விலை ஏறியதும் சித்தப்பா பன்னிரண்டு ஆக்கினார். பைசாக்கணக்கில் பார்த்தால் அவர் கொஞ்சம் கூடவே ஏற்றினார், மறைக்கவில்லை. “பதினொண்ணரைக்கு எங்கடா சில்லறை குடுப்பேன்?” என்றார். பதினெட்டுக்கு விற்ற கிங்ஸை இருபத்தைந்து ஆக்கினார். அதற்கும் அதே காரணம்.

இந்த இரண்டு ரூபாய் செய்த வேலை எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பத்து ரூபாய்க் காசை நீட்டிக் கையை நீட்டியே வைத்திருந்தவர்களிடம் “இன்னும் ரெண்டு” என்று கேட்க வேண்டியிருந்தது. சட்டைப்பையைத் துழாவ வேண்டும், இல்லையென்றால் கடன் சொல்ல வேண்டும். முதல் வாரம் முழுக்க ஒவ்வொரு சிகரெட்டுக்கும் ஒரு சின்னத் தடங்கல் இருந்தது. “சரி, அப்புறம் வாரேன்” என்று திரும்பிப் போனவர்களை நானே பார்த்தேன். அவர்களில் சிலர் அரைமணி கழித்து இரண்டு ரூபாயோடு வந்தார்கள், சிலர் வரவில்லை.

ஆனால் கடன் நோட்டில் பெயர் இருப்பவர்களுக்கு இந்தத் தடங்கல் இல்லை. அவர்கள் காசே கொடுப்பதில்லை, வாரக்கடைசியில் மொத்தமாகக் கொடுப்பார்கள். அவர்களுக்குப் பன்னிரண்டு என்பது எட்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. ஒரு சனிக்கிழமை மூட்டை தூக்கும் அண்ணனின் மனைவி கணக்கு முடிக்க வந்தார். சித்தப்பா கூட்டிச் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு நோட்டை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு கோடாக விரல் வைத்து எண்ணினார். எண்ணி முடித்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொடுத்தார். “அடுத்த வாரத்துலேர்ந்து எழுதாதீங்கண்ணே. வந்தா எங்கிட்ட கேக்கச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான். சித்தப்பா அந்தப் பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

நான்கு கணக்குகள்

அந்த மூட்டை தூக்கும் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயசு இருக்கும். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பங்களைத் தூக்கி லாரியில் ஏற்றுபவர். தினம் எட்டு சின்ன ஃபில்டர். கடன் நின்ற மறுநாளே இடது பலகைக்கு மாறினார். இரண்டு சின்ன சிகரெட்டின் காசுக்கு ஒரு கட்டு பீடி கிடைக்கிறது. மாசி முடியும்போது ஒரு நாளைக்கு ஒரு கட்டு காலியாகிக்கொண்டிருந்தது. அவர் செலவு கால்வாசியாகிவிட்டது, புகைப்பது இரண்டு மடங்குக்கும் மேல் கூடிவிட்டது. வரி வசூலித்த அரசுக்கு இவர் “சிகரெட்டை விட்டவர்”. அவருடைய நெஞ்சுக்கு அப்படி இல்லை. பீடியில் புகையிலை குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று இங்கே பலர் நம்புகிறார்கள். இலை நன்றாக எரியாது, அடிக்கடி அணையும், அதனால் பலமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டும். உள்ளே போகும் தாரும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. என் அப்பா இழுத்ததும் அதே பீடிதான். அந்த அண்ணன் லாரிப் பலகையில் ஏறும்போது இரும ஆரம்பித்ததை நான் பங்குனியில் கேட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்.

இரண்டாமவர் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து பெல்ட் வண்டி என்கிற அறுவடை இயந்திரத்தோடு வந்த டிரைவர். கிங்ஸ்தான் குடிப்பார். இருபத்தைந்து ஆனதும் சின்ன ஃபில்டருக்கு இறங்கினார். எண்ணிக்கை மாறவில்லை. ஏணியில் ஒரு படி இறங்கினார், அவ்வளவே.

மூன்றாவது, பாலிடெக்னிக் படிக்கும் மூன்று பையன்கள். பள்ளி, கல்லூரிகளிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சித்தப்பா கடை அதற்கு வெளியே. பையன்களுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டது, அதையும் அவர் கேட்டுக்கொண்டுதான் கொடுப்பார். முன்பு ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள். பிப்ரவரியில் மூன்று பேருக்கு ஒன்று என்று ஆனது. மார்ச்சில் ஒருவன் வருவதையே நிறுத்திவிட்டான். “ஒரு இழுப்புக்கு நாலு ரூவா, அது என்னத்துக்குண்ணே” என்று என்னிடம் சொன்னான். இன்னும் பழக்கம் இறுகாதவனுக்கு விலை ஒரு வேலியாக நிற்கிறது. இளைஞர்களிடம் விலையேற்றம் அதிகம் பலிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதை அந்தப் பையன் விஷயத்தில் கண்ணால் பார்த்தேன். ஒத்தை விற்பனை மட்டும் இல்லையென்றால் மற்ற இருவரும்கூட நின்றிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நூற்றுச் சொச்சம் கொடுத்து முழுப் பாக்கெட் வாங்கும் வசதி அவர்களிடம் இல்லை. இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16ஆம் பிரிவு ஒத்தை விற்பனையைத் தடுக்க முயல வேண்டும் என்கிறது. மகாராஷ்டிரம் 2020இல் தடை போட்டது. நம் பக்கம் இன்னும் ஜாடிக்குப் பக்கத்தில் திறந்த டப்பா இருக்கிறது, சரட்டில் லைட்டர் தொங்குகிறது.

நான்காமவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பதினைந்து மா, அதாவது சுமார் ஐந்து ஏக்கர், நிலம் வைத்திருக்கும் பெரியவர், அறுபது தாண்டியவர். முந்தைய வருஷமே நெஞ்சுவலி வந்து, டாக்டர் விடச் சொல்லியிருந்தார். பத்திலிருந்து மூன்றாகக் குறைத்திருந்தார். மூன்றுதானே என்று அவருக்கு ஒரு திருப்தி. எனக்கு இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று குடித்தாலும், இருபது குடிப்பவருக்குக் கூடுகிற இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று காட்டியது. நுரையீரல் புற்று எண்ணிக்கையோடு சேர்ந்து குறையும். இதயம் அப்படிக் குறைவதில்லை.

அவர் ஏன் மூன்றில் நின்றார் என்றால், கொள்முதல் நிலைய வாசலில் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர் நீட்டுவார், வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. “நெஞ்சுவலி” என்று சொன்னால் ஊர் முழுக்க விசாரிக்கும். நோயாளி என்று ஆகிவிட்டால் வயலில் ஆள் மதிக்காது. விலை ஏறியது அவருக்கு ஒரு கௌரவமான காரணத்தைக் கொடுத்தது. பிப்ரவரி இரண்டாம் வாரம் ஒருவர் நீட்டியபோது, “பன்னெண்டு ரூவாய்க்குப் பொகையா? போய்யா, நான் விட்டுட்டேன்” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்து ஆமோதித்தார்கள். அன்றிலிருந்து அவர் தொடவில்லை. இரண்டு ரூபாய் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, பதினைந்து மா சம்பா வீட்டுக்கு வந்திருக்கிறது. விடவேண்டும் என்ற எண்ணம் முன்பே இருந்தது. நாலு பேர் முன்னால் சொல்ல ஒரு வாக்கியம்தான் இல்லாமல் இருந்தது. அந்த வாக்கியத்தை விலை கொடுத்தது. வரியைக் கணக்குப் போடுபவர்களின் எந்த வாய்பாட்டிலும் இது வராது என்று நினைக்கிறேன்.

அறுவடைக் காசு

ஒரு விஷயத்தில் நான் ஏமாறப் பார்த்தேன். பிப்ரவரி நோட்டைப் பார்த்தால் சின்ன ஃபில்டர் விற்பனை கொஞ்சம்தான் குறைந்திருந்தது. விலை பலிக்கவில்லை என்று எழுதியே வைத்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தை, மாசி சம்பா அறுவடைக் காலம். கையில் காசு புழங்கும் மாதம். அதோடு காத்திருப்பு. நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். களத்தில் கொட்டி, காயவைத்து, மழைக்குத் தார்ப்பாய் போர்த்தி, முறை வரும்வரை இரண்டு நாள் மூன்று நாள் அங்கேயே கிடப்பார்கள். காத்திருக்கும் மனிதன் புகைக்கிறான். வேறு எந்த மாதத்தில் விலை ஏறியிருந்தாலும் இந்த விற்பனை இருந்திருக்காது.

சித்திரையில் கொள்முதல் நிலையம் மூடியது. வேலை இல்லை, மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவைக்கு நாற்று விட ஜூன் ஆக வேண்டும். இப்போதுதான் பன்னிரண்டு ரூபாயின் முழுக் கனமும் தெரிந்தது. சிகரெட் வாங்கும் பாக்கெட் எண்ணிக்கையைச் சித்தப்பா நன்றாகவே குறைத்துவிட்டார். பீடி குறையவில்லை, தையில் இருந்ததைவிடக் கூடுதல். வரி ஏற்றிய மாதத்திலேயே அதன் பலனை அளக்கக்கூடாது, அதுவும் விவசாயப் பூமியில். பருவம் ஒரு சுற்று வரும்வரையாவது பார்க்க வேண்டும்.

இடது பலகை

உலக சுகாதார நிறுவனம், சில்லறை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்கவேண்டும் என்கிறது. விலை பத்து சதவீதம் ஏறினால் நம்மைப் போன்ற நாடுகளில் பயன்பாடு சுமார் ஐந்து சதவீதம் குறையும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எல்லாப் புகையிலையும் சேர்ந்து ஏறினால் சரி. இந்தியாவில் சிகரெட் சிறுபான்மை. 2016-17இல் நடந்த தேசிய அளவிலான பெரியவர் புகையிலைக் கணக்கெடுப்பில் சிகரெட் குடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி குடிப்பவர்கள் 7.7 சதவீதம். தினமும் சிகரெட் குடிப்பவர் மாதம் சுமார் 1,192 ரூபாய் செலவழித்தார், பீடி குடிப்பவர் சுமார் 284 ரூபாய். இந்த இடைவெளிதான் சித்தப்பாவின் இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கும் பள்ளம். தள்ளிவிட்டால் மனிதர்கள் அதில்தான் விழுவார்கள். அதே கணக்கெடுப்பில் இந்தியா முழுக்கப் புகையிலைப் பயன்பாடு 34.6லிருந்து 28.6 சதவீதமாக இறங்கியபோது, தமிழ்நாட்டில் 16.2லிருந்து 20 ஆக ஏறியிருந்தது.

பீடி வரி குறைவாக இருப்பதற்குச் சொல்லப்படும் காரணம் பீடி சுற்றும் பெண்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற அந்தப் பெண்களின் கூலி மிகக் குறைவு, அவர்கள் நெஞ்சிலும் அந்தத் தூசி இறங்குகிறது. அவர்களுக்கு உதவி கட்டாயம் வேண்டும். ஆனால் அந்த உதவியை ஏன் நீடாமங்கலத்தில் மூட்டை தூக்குபவரின் நுரையீரலிலிருந்து எடுக்க வேண்டும்? பீடி வரியைக் கூட்டி, அந்தப் பணத்தை அந்தப் பெண்களின் மாற்று வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் கொடுத்தால் இரண்டு பக்கமும் பிழைக்கும். பீடி விலை ஏறினால் சிகரெட்டைவிட அதிகமாகப் பயன்பாடு குறையும் என்று இந்தியக் குடும்பச் செலவுக் கணக்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைந்த காசில் வாழ்பவர்தான் விலையைக் கவனிப்பார், அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வெற்றிலையோடு போடும் புகையிலை பற்றி இங்கே எழுதவில்லை. இந்த நான்கு கணக்குகளில் அது வரவில்லை. கும்பகோணம் வெற்றிலை விளையும் மண்ணில் அது தனி ஆய்வாக எழுதவேண்டிய அளவுக்குப் பெரிய விஷயம்.

வைகாசி முதல் ஞாயிறு மூட்டை தூக்கும் அண்ணன் கடைக்கு வந்தார். கட்டு கேட்டார். சித்தப்பா எடுத்து வைத்தார். நான் டப்பா ஒன்றைத் திருப்பி, பின்னால் அச்சிட்டிருந்த 1800-11-2356 என்ற எண்ணைக் காட்டினேன். காசு இல்லாத நம்பர், தமிழிலேயே பேசுவார்கள், கேட்டுப் பார்க்கலாமா என்றேன். “இப்பவா?” என்றார். என் போனில் அடித்து ஸ்பீக்கரில் போட்டேன். வாழைத்தாருக்குப் பின்னால் நின்றுகொண்டு பேசினார். எடுத்த பெண் பெயரைக் கேட்டார், வயசைக் கேட்டார். அப்புறம், காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி பற்றவைப்பீர்கள் என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். “எந்திரிக்கும்போதேதாம்மா. அது இல்லாம எந்திரிக்கவே முடியல” என்றார்.

அந்தப் பெண் எழுதிக்கொள்வது போல ஒரு நொடி அமைதி. விடுவதற்கு ஒரு தேதி நீங்களே சொல்லுங்கள் என்றார். குறுவை நாற்று விடுற அன்னிக்கு என்றார் அண்ணன். அது தேதி இல்லையே அய்யா என்றார் அந்தப் பெண். அண்ணன் கையில் இருந்த கட்டைப் பலகையில் வைத்துவிட்டு, சித்தப்பா கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டிப் பக்கம் போய் நின்றார்.